யானைமலையை மறைப்பது பனி மட்டும்தானா? காற்று விதிகள் சொல்வதும் விட்டதும்

மதுரையில் மார்கழிக் காலையில் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் யானைமலை தெரியாது. பனி என்று விட்டுவிடுவோம். வெயில் ஏறி, ஒன்பது மணிக்கும் மலை மங்கலாகவே இருந்தால் பனியை மட்டும் குறை சொல்ல முடியாது. சல்பேட், நைட்ரேட் துகள்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இவற்றில் பெரும்பகுதி புழுதி மாதிரி தரையிலிருந்து கிளம்புவதில்லை, காற்றிலேயே பிறக்கிறது. நிலக்கரி எரிந்தால் சல்பர் டை ஆக்சைடு வரும், வண்டிப் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். இரண்டும் போகிற வழியில் அமிலமாகி, மாட்டுத் தொழுவம், யூரியா போட்ட வயல், சாக்கடை இவற்றிலிருந்து எழும் அமோனியாவோடு சேர்ந்து உப்பாகிவிடும். ஒவ்வொரு உப்புத் துகளும் தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் இருக்கும். ஈரம் பட்டால் ஊதிப் பெருக்கும், மூட்டம் போடும். சித்திரை வெயிலில் நைட்ரேட் உப்பு பெரும்பாலும் மறுபடி வாயுவாகிவிடும். சல்பேட் அப்படி லேசில் போகாது.

சரி, விதி என்ன சொல்கிறது? 2009 நவம்பரில் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகள் 12 மாசுகளுக்கு வரம்பு வைத்தன. ஆண்டுச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 நுண்துகள் 40 மைக்ரோகிராம், சல்பர் டை ஆக்சைடு 50, நைட்ரஜன் டை ஆக்சைடு 40. சல்பேட்டும் நைட்ரேட்டும் தனியாக இல்லை. தாய் தகப்பன் பெயர் இருக்கிறது, பிள்ளை பெயர் இல்லை. பிள்ளையை நுண்துகள் கணக்கில் சேர்த்து எடைபோடுகிறார்கள்.

எடை என்றால் நிஜமாகவே எடைதான். ஆள் வைத்து அளக்கும் நிலையங்களில் வாரம் இரண்டு நாள், 24 மணி நேரம் காற்றை உறிஞ்சி, வடிதாளைத் தராசில் வைப்பார்கள். ஆண்டுக்கு 104 முறை. தராசுக்குப் புழுதியும் ஒன்றுதான், சல்பேட்டும் ஒன்றுதான். தாளை ஆய்வகத்தில் சோதித்தால்தான் எது எவ்வளவு என்று தெரியும்.

அப்புறம், 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம். அதன் 130 நகரங்களில் மதுரையும் ஒன்று. காற்றில் உள்ள துகள்களை 2017-18 அளவிலிருந்து 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைக்க வேண்டும் என்பது இலக்கு. ஆனால் மதிப்பெண் போடுவது பெரும்பாலும் பி.எம். 10 என்ற பெருந்துகளை வைத்து. அதனால் சாலை பெருக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் தெளிப்புக்கும் மவுசு. புழுதிக்கு அது சரி. பெருக்கினாலும் சிக்காததற்கு?

அதற்கான விதிகள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பெட்ரோல், டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது. உருப்படியான வேலை. அனல்மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் கந்தக வரம்பு வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்தது. இந்தத் துகள்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் போகக்கூடியவை. அனல்மின் நிலையங்கள் உள்ள தூத்துக்குடி நமக்கு ஒன்றும் தூரமில்லை.

அன்றாடக் காற்றுத் தரத்தைச் சமீர் செயலியில் பார்க்கலாம். திட்டப் பணம் பற்றிய விவரம் பிராணா இணையதளத்தில் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரே கேள்வி போதும்: மதுரையின் நுண்துகளில் சல்பேட், நைட்ரேட் பங்கு எவ்வளவு, எந்த ஆண்டு ஆய்வின்படி?