மார்ட்டலும் அமிர்தமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

அரசு மருத்துவமனையில் ‘பிணவறை’ என்று பலகை மாட்டியிருந்தாலும், வாசலில் காத்திருப்பவர்கள் மார்ச்சுவரி என்றுதான் சொல்கிறார்கள். போஸ்ட்மார்ட்டமும் அப்படியே நம் பேச்சில் கலந்துவிட்டது. இரண்டுக்கும் அடியில் இருப்பது லத்தீனில் சாவைக் குறிக்கும் ‘மோர்ஸ்’. ஆங்கிலத்தின் ‘மார்ட்டல்’ பிறந்ததும் அங்கேதான்.

மார்ட்டல் காயம் என்றால் உயிரைக் குடிக்கும் காயம். ஓர் ஆளை மார்ட்டல் என்றால் என்றோ ஒருநாள் சாகப்போகிறவர், அதாவது மனிதர். சாகடிப்பதும் சாவதும் ஒரே சொல்லில்! ‘மார்ட்டாலிட்டி’ மருத்துவக் கணக்கில் இறப்பு விகிதம். உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை எத்தனை என்பதே குழந்தை இறப்பு விகிதம்.

மனிதனைச் ‘சாகிறவன்’ என்று அழைப்பது ஆங்கிலத்தில் தொடங்கிய பழக்கம் அல்ல. இந்தியில் ஆணைக் குறிக்கும் ‘மர்த்’ பாரசீகச் சொல். அதன் பழைய பொருளும் சாகிறவன்தான். சமஸ்கிருதத்தின் மரணம், மிருத்யு எல்லாம் இதே வேர்.

சரி, ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடுமா? ஆகாது. ஒலி மாறிய விதத்தில் ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும். சமஸ்கிருதத்தில் ‘மிருத’ என்றால் இறந்தது; முன்னால் ‘அ’ சேர்ந்தால் சாவற்றது, அமிர்தம். கிரேக்கக் கடவுளர்களின் உணவு அம்ப்ரோசியா. அதிலும் அதே ‘அ’, அதே வேர். நடுவில் அந்த ‘ப்’ எப்படி நுழைந்தது? ‘ம்ர’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். மூடிய உதடு பிரியும் நொடியில் ஒரு ‘ப்’ தானாக முளைக்கும். லத்தீன் ‘நுமெருஸ்’ பிரெஞ்சு வழியாக ‘நம்பர்’ ஆனதும் இப்படித்தான். கேமராவும் செங்கல் சேம்பரும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். சேம்பரில் மட்டும் இந்த ‘ப்’ ஒட்டிக்கொண்டது. எனக்கு இதைவிட அழகான சான்று வேறு தெரியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளைக் கடந்து வந்த சாட்சி நம் உதட்டிலேயே இருக்கிறது.

நம்முடைய ‘சாவு’ இந்தக் குடும்பத்தில் சேராது. அது கன்னடம், தெலுங்கு, மலையாளத்தோடு நாம் பகிரும் சொல். ‘இறப்பு’ இன்னும் வேறு வகை. ‘இற’ என்றால் கடந்து போவது. அதனால்தான் இலக்கணத்தில் ‘இறந்த காலம்’ என்கிறோம்; அங்கே காலம் சாகவில்லை, கடந்து போயிருக்கிறது.