யூதப் பண்டிகைக் கைவேலைகள்: எதைக் கொண்டு செய்கிறோம் என்பதே முதல் கேள்வி

வட லண்டனில் யூதக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதியில் ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள். இலையுதிர் காலத்தில் வரும் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, அதையடுத்துக் கூடாரப் பண்டிகை, குளிரில் ஹனுக்கா, பிறகு பூரிம், பஸ்கா என்று எங்கள் பள்ளி ஆண்டே பண்டிகைகளைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது. குழந்தைப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் தமிழ்ப் பெண்கள் என்னிடம் கேட்பது, “பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம்?” என்பதைத்தான். அதற்குப் படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நான் திருப்பிக் கேட்பது வேறு: எதைக் கொண்டு செய்யப் போகிறீர்கள்? அது போய்ச் சேரும் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறதா?

ஹனுக்காவிலிருந்து தொடங்குகிறேன், என்னைப் பெரிதும் கவலைப்படுத்தும் பண்டிகை அதுதான். கி.மு. 164-இல் மக்கபேயர் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதன் நினைவாக எட்டு இரவுகள் விளக்கேற்றுகிறார்கள். எட்டுச் சுடர்களும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அவற்றை ஏற்றப் பயன்படும் ஒன்பதாவது சுடரான ஷமாஷ் மட்டும் சற்று உயர்ந்தோ விலகியோ நிற்கும். முட்டை அட்டையிலிருந்து ஒன்பது குழிகளை வெட்டி, ஷமாஷ் குழியின் அடியில் ஒரு மூடியை ஒட்டி உயர்த்தினால் விளக்கு தயார். பிள்ளை வண்ணம் பூசட்டும். மஞ்சள் காகிதத்தைக் கையால் கிழித்துச் சுடர் செய்யட்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கிழிப்பதே போதுமான வேலை. முதல் இரவு வலது ஓரக் குழியில் ஒரு காகிதச் சுடர், மறுநாள் அதற்கு இடப்புறம் இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் மெழுகுவர்த்தி அடுக்கும் முறையும் இதுதான் என்பதால் பிள்ளைக்குச் சட்டென்று புரிந்துவிடும்.

இந்த அட்டை விளக்கில் ஒருபோதும் நெருப்பு வைக்கக் கூடாது. மரப்பலகையில் இரும்பு நட்டுகளை வரிசையாக ஒட்டிச் செய்யும் விளக்கையும் பல வீடுகளில் பார்க்கலாம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெழுகுவர்த்தி அடிவரை எரியும்போது பசை இளகி, எரியும் திரியோடு நட்டு சாயும். ஏற்றியே தீர வேண்டும் என்றால் அடித்தளம் பீங்கான் ஓடாக இருக்கட்டும், அதை ஓர் உலோகத் தட்டில் வையுங்கள், ஏற்றுவது பெரியவராக இருக்கட்டும்.

விளக்கு வைக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டும். ஒரு நாளுக்கே போதுமான ஆலய எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்று சொல்லப்படும் அற்புதத்தை ஊரறியச் செய்வது இந்தப் பண்டிகையின் நோக்கம் என்பதால், தெருவைப் பார்த்த ஜன்னலில் விளக்கை வைப்பது மரபு. ஜன்னல் என்றால் திரைச்சீலை. அதோடு பிள்ளைகள் செய்த காகிதத் தோரணத்தையும் அங்கேயே கட்டிவிடுகிறார்கள். தோரணத்துக்கு எதிர்ச் சுவரைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளிக்கிழமை இன்னும் கவனம் வேண்டும். அன்று சூரியன் மறையும்போது தொடங்கிச் சனிக்கிழமை இரவு முடியும் ஓய்வுநாளுக்கு முன்பே, வழக்கத்தைவிட நீண்ட நேரம் எரியும் விளக்குகளை ஏற்றுவார்கள். ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் அவற்றை அணைக்கவோ நகர்த்தவோ மாட்டார்கள். ஆகவே எங்கே வைப்பது என்பதை வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதிகள் வழிவிட்டாக வேண்டும் என்பது யூத மார்க்கத்தில் உறுதியான சட்டம். தீயணைப்புத் துறைக்கு அழைக்க ஒரு நொடியும் தயங்க வேண்டாம்.

நெருப்பு வேண்டாம் என்று பேட்டரி மெழுகுவர்த்திக்கு மாறுகிறவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலிவான சிறு விளக்குகள் பலவற்றின் அடியில் காசு போன்ற பொத்தான் பேட்டரி இருக்கிறது. சிறு குழந்தை அதை விழுங்கி, உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரம் பட்ட இடத்தில் மின்னோட்டம் பாய்ந்து கடும் காரப்பொருள் உருவாகிறது. இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடக் கூடும். விளக்கு எரியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். தொடக்கத்தில் குழந்தை சும்மா இருக்கலாம். எச்சில் வடியலாம், உணவைத் தள்ளலாம், இருமலாம். சந்தேகம் வந்தாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேராகக் கொண்டு போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். பேட்டரி அறை திருகாணியால் மூடப்பட்ட விளக்கைத் தவிர வேறு எதையும் நான் வகுப்பறைக்குள் விடுவதில்லை.

சிறு பொருள்களுக்கு ஓர் அளவு இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கொள்கிறார்கள். வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய் போதும். அது சற்று அகலம் என்பதால் அதற்குள் விழும் மணி, பொத்தான், ஜிகினாக் கல் எல்லாவற்றையும் விலக்கினால் பாதுகாப்பு கூடுதலே.

பூரிம் நாளில் எஸ்தரின் கதையை ஜெப ஆலயத்தில் வாசிக்கும்போது, யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட ஆமானின் பெயர் வரும் இடமெல்லாம் பிள்ளைகள் கிலுகிலுப்பையை ஆட்டி அந்தப் பெயரையே அமுக்கிவிடுவார்கள். அதைச் செய்ய ஒரு சிறிய தெளிவான பிளாஸ்டிக் போத்தல் போதும். கால் பங்குக்கு அரிசி போடுங்கள். முழுவதும் நிரப்பினால் ஓசை வராது. மூடியின் புரியில் பெரியவர் பசை தடவித் திருகி, காய்ந்த பிறகு மேலே அகலமான ஒட்டுநாடாவை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். அலங்காரம் அதற்குப் பிறகுதான் பிள்ளையின் கைக்குப் போகிறது. காய்ந்த சிவப்பு ராஜ்மாவைப் போடாதீர்கள். பச்சையாக மென்றால் கடும் வாந்தி வரும். காகிதக் கோப்பைகள் இரண்டை வாயோடு வாய் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். ஒரு மிதி பட்டால் உள்ளே இருப்பது தரையெங்கும் சிதறிவிடும். ஓசையைக் கண்டு மிரளும் பிள்ளைகளுக்குக் காதுமூடி எடுத்து வையுங்கள். வாசிப்பின் ஒவ்வொரு சொல்லும் எல்லார் காதிலும் விழ வேண்டும் என்பதால், பெரியவர் கையை உயர்த்தினால் ஆட்டுவதை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே வகுப்பில் பழக்குகிறோம்.

பூரிமுக்கு ஒரு மாதத்தில், எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா. யூதரல்லாத ஆசிரியர்கள் தடுமாறுவது இங்கேதான். கோதுமை, பார்லி, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் என்னும் கோதுமை வகை ஆகிய ஐந்து தானியங்களில் புளிப்பேறக்கூடிய எதுவும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது. உண்ணக் கூடாது என்பதோடு நிற்பதில்லை, வைத்திருக்கவே கூடாது. பண்டிகைக்கு முன் வீட்டை மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, முந்தைய இரவு விளக்கை ஏந்தித் தேடுவார்கள். அப்படித் துடைத்த வீட்டுக்குள் மைதா மாவில் உப்புச் சேர்த்துப் பிசைந்த களிமாவுப் பொம்மையையும், பாஸ்தா கோத்த மாலையையும், மைதாப் பசையில் ஒட்டிய படத்தையும் நாம் அனுப்பிவைக்கக் கூடாது. அந்தத் தாய்க்கு அது எத்தனை வேலை என்று நினைத்துப் பாருங்கள். பூரிம் முடிந்த மறுநாளே இவற்றையெல்லாம் எங்கள் அலமாரியிலிருந்து எடுத்துவிடுகிறோம். உருளைக்கிழங்கு மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கிறது. பஸ்காவில் உண்ணும் புளிப்பில்லா அப்பத்தை மூடும் துணிக்குப் பிள்ளையின் கைத்தடம் பதித்த வெள்ளைத் துணியே போதும். உப்பு மாவு பற்றி இன்னொன்று: அதில் உப்பு மிக அதிகம். ஒரு கவளம் விழுங்கினாலும் சிறு குழந்தைக்கு ஆபத்து.

எனக்கு மிகவும் பிடித்தது மரங்களின் புத்தாண்டான து பிஷ்வத். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும். அன்று தயிர்க் கோப்பையில் பார்ஸ்லி விதையை ஊன்றினால், பஸ்கா விருந்தில் உப்புநீரில் தோய்த்து உண்ணும் கீரைக்கு ஆகும். விதை முளைக்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கூடாரப் பண்டிகைக்கு ஒட்டுக் காகிதச் சங்கிலிதான் அரசன். அந்த நாட்களில் குடும்பங்கள் அமர்ந்து உண்ணும் கூடாரத்தின் கூரை வெட்டிய செடிகொடியால் ஆனது, மழையைத் தடுக்காது. லண்டன் மழைக்குக் காகிதம் ஓர் இரவுகூடத் தாங்காது என்பதால், படங்களைப் பிளாஸ்டிக் உறையில் லேமினேட் செய்து, பெரியவர் தலைக்கு மேல் கட்டுங்கள். கீழே தொங்கும் கயிறு கழுத்தில் சிக்கும். உண்மையான பழங்களைத் தொங்கவிட்டால் குளவிகள் வரும். ரோஷ் ஹஷானாவுக்குக் குறுக்கே வெட்டிய ஆப்பிளை வண்ணத்தில் தோய்த்து அச்சிட்டால் நடுவில் விதையறைகள் நட்சத்திரமாக விழும். அந்தப் பண்டிகையில் ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. போட்டுலிசம் என்னும் கொடிய நோய் வரலாம்.

எந்தக் கைவேலையானாலும் வெள்ளி மாலைக்குள் முடித்துவிட வேண்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் எழுதுவதும் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட வேலைகள். பாதி ஒட்டிய படத்தை “வீட்டில் முடித்துக்கொள்” என்று வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பினால் பிள்ளை அழுகையோடு காத்திருக்க நேரும்.

கடைசியாக, எபிரேய எழுத்துகள். கடவுளின் திருப்பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போட மாட்டார்கள். ஜெப ஆலயத்தில் சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பார்கள். ஆகவே பிரார்த்தனை வரியை அச்சிட்டுப் பிள்ளைகளிடம் வண்ணம் தீட்டக் கொடுக்கும் முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். எங்கள் வகுப்பில் அத்தகைய தாள்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. நிறைந்ததும் பள்ளிக்கு வரும் யூத மதகுருவான ரப்பி எடுத்துச் செல்வார்.