ஏறும்போது மூச்சு, இறங்கிய பிறகு தொடை

இலையுதிர் காலத்தில் ஒரு மலைப்பாதையில் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட்ட வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஏறும்போது நாக்கு தள்ளியது. இறங்கியது சுலபம்தான். மறுநாள் லேசாக வலித்தது. அதற்கடுத்த நாள் மாடிப்படியே இறங்க முடியவில்லை. ஏன்?”

லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்ப வேண்டாம். உழைப்பில் சேரும் லாக்டேட் (உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரம் போல ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் வடிந்துவிடும். அதுவும் அதிகம் சேர்வது ஏற்றத்தில். வலி தருவதோ இறக்கம். தசையிலிருந்து ‘நச்சை வெளியேற்றும்’ எண்ணெய் விற்பவர்களுக்கு இந்தக் கதை வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தசைக்குள் ஆக்டின் இழையை மயோசின் தலைகள் பற்றி இழுக்கின்றன என்பது பள்ளிப் பாடம். ஏறும்போது தொடைத்தசை சுருங்குகிறது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் தலை பிடியை விடுவதற்கு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. ஏடிபி தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். மூச்சு வாங்குவது இதனால்தான்.

இறங்கும்போது நடப்பதுதான் வேடிக்கை. கால் கீழே பதிந்ததும் முழங்கால் மடங்குகிறது. முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் உடல் எடை அதை நீட்டிவிடுகிறது. கயிறு இழுக்கும் போட்டியில் தோற்கும் அணி மாதிரி: கை பிடியை விடவில்லை, கயிறுதான் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிறது. மயோசின் தலையும் இப்படிப் பிய்க்கப்படுகிறது. பிடியை விட ஏடிபி தேவையில்லை, உடனே மறுபடி பற்றிக்கொள்ளலாம். டைட்டின் என்ற மாபெரும் புரதமும் விறைத்துக்கொண்டு கைகொடுக்கிறது. ஆகவே நீளும் தசை, அசையாமல் பிடித்திருக்கும் தசையைவிட அதிக விசையைத் தாங்குகிறது, குறைந்த செலவில்!

இதை 1952இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் பெடலைத் தடுக்க வேண்டும். இருவருக்கும் ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் தடுத்தவருக்கு மிகக் குறைந்த ஆக்சிஜனே தேவைப்பட்டது. இன்று இதற்கு நிதி கேட்டுப் போனால் “இதனால் என்ன பயன்?” என்றுதான் முதல் கேள்வி வரும் என்று நினைக்கிறேன். பயன் பிறகு வந்தது: மூச்சிரைக்காமல் நுரையீரல் நோயாளிகளின் கால்களை வலுப்படுத்த இதே தத்துவத்தில் இயங்கும் சைக்கிள்கள் இப்போது இருக்கின்றன.

சரி, வலி எங்கிருந்து வருகிறது? நீளும்போது ஒவ்வொரு தசை இழையும் அதிகம் தாங்குவதால் மூளை குறைவான தசை இழைகளையே வேலைக்கு அழைக்கிறது. பாரம் அந்தச் சிலவற்றின் மேல் விழுகிறது. ஒரு தசை இழையில் வரிசையாக இருக்கும் சார்கோமியர்கள் (சுருங்கும் நுண்ணிய அலகுகள்) எல்லாம் ஒரே பலம் உள்ளவை அல்ல. பலவீனமானவை அளவுக்கு மீறி நீள, சில பழைய அமைப்புக்குத் திரும்புவதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நேராக இருக்க வேண்டிய கோடுகள் கலைந்து கிடக்கும். இப்படி ஏதோ கிழிகிறது என்று உடலியல் ஆய்வாளர் தியடோர் ஹஃப் 1902லேயே சந்தேகப்பட்டார். சேதத்துக்குப் பிறகு வீக்கம், அப்புறம் நரம்பு முனைகளின் கூருணர்ச்சி என்று படிப்படியாக ஏறி, ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் வலி உச்சம் தொடுகிறது.

இலையுதிர் காலத்தில் பகல் குறுகியது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டுமென்று ஓட்டமும் நடையுமாக வருவோம். உதிர்ந்த இலைகள் படிகளையும் கற்களையும் மூடியிருப்பதால், எதிர்பாராத பள்ளத்தில் விழும் ஒவ்வொரு காலடியையும் ஒற்றைத் தொடை பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

தசையை நீட்டி மடக்கும் பயிற்சிகள் இந்த வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆனால் ஒரு முறை இறங்கிய தசை அதைப் பல வாரங்களுக்கு நினைவில் வைத்திருக்கிறது. அடுத்த இறக்கத்தில் சேதம் வெகுவாகக் குறைகிறது. மலைக்குப் போவதற்கு ஓரிரு வாரம் முன்பே கொஞ்சம் இறங்கிப் பழகலாம். தொடைக்கு மட்டும்தான் பயிற்சி என்றால் ஏறக்கூட வேண்டாம், லிஃப்டில் மேலே போய்ப் படிகளில் இறங்கினாலே போதும்.