பேக்கரியில் கேட்காமல் போன தமிழ்

திருப்பூரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சம்பள நாள், பேக்கரியில் நல்ல கூட்டம். (கொங்கில் டீக்கடைக்கு அதுதான் பெயர்.) முதுகில் பை, செம்பட்டைச் சாயம் பூசிய முடி, கொஞ்சம் வெளுத்த நிறம், இப்படி ஒரு பையன் வந்து நின்றான். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "க்யா சாஹியே பாய்?" என்றார்.

"ரெண்டு டீங்ணா. ஒண்ணுல சக்கர கம்மியா."

"க்யா?"

பையன் திரும்பச் சொன்னான். கடைக்காரர் இரண்டு விரலைக் காட்டி, "தோ?" என்றார். "அண்ணா, நான் காங்கயமுங்ணா" என்ற பிறகுதான் அவர் முகம் மாறியது. அவரைச் சொல்வானேன், பக்கத்தில் நின்ற எனக்கும் முதல் தடவை அது இந்தி மாதிரிதான் கேட்டது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ரூபின் ஒரு அமெரிக்கப் பெண்ணின் குரலில் பாடம் ஒன்றைப் பதிவு செய்து, மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஒரு குழுவுக்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண்ணின் படம், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஒலிப்பதிவு ஒன்றேதான். ஆனால் ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் பாடத்தைக் குறைவாகப் புரிந்துகொண்டார்கள். குரலில் அயல்நாட்டு வாடை அடித்ததாகவும் நினைத்தார்கள். 1992இல் வந்த ஆய்வு இது.

பேச்சு நம் காதுக்கு முழுசாக வருவதே இல்லை. பாய்லர் இரையும், பஸ் ஹாரன் அடிக்கும், பாதி எழுத்து அதிலேயே போய்விடும். விட்டுப்போனதை மூளை ஊகித்து நிரப்புகிறது. அப்படி நிரப்ப எந்த மொழியின் சொற்களைத் தேடுவது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவைக் கண் முந்திக்கொண்டு எடுத்துவிடுகிறது. இந்திக்குத் தயாராக இருக்கிற காதில் 'டீங்ணா' விழுந்தால், அது எந்தச் சொல்லோடும் ஒட்டாது. கண் சொல்வதைக் காது கேட்கும் என்பதை ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976இலேயே காட்டிவிட்டார்கள்: 'கா' என்று அசையும் உதட்டைக் காட்டி, 'பா' என்ற ஒலியைப் போட்டால் பெரும்பாலோர் காதில் விழுவது 'டா'.

இதை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடவும் முடியாது. கெவின் மெக்கவன் 2015இல் சீன வாடையுள்ள ஆங்கிலத்தை இரைச்சலோடு கலந்து போட்டபோது, சீன முகத்தைப் பார்த்தவர்கள் அதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எதிர்பார்த்தது வந்தால் காது கூர்மையாகிறது, வராவிட்டால் தடுக்கி விழுகிறது.

சரி, அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? பனியன் கம்பெனி பக்கம் கடை வைத்திருப்பவருக்கு அனுபவத்திலிருந்துதான். ஆனால் அந்த அனுபவத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒடிசாக்காரருக்குத் தாய்மொழி ஒடியா, வங்காளிக்கு வங்காளம், அசாம்காரருக்கு அசாமியம். கடைக்காரர் இந்தியில் கேட்டால் அவர்களும் இந்தியில்தான் பதில் சொல்கிறார்கள். அவர் ஊகம் தினமும் பலித்துக்கொண்டே இருக்கிறது. தப்பென்று யாரும் சொல்லப்போவதில்லை. கூச்சத்தில் 'தோ சாய்' என்று வாங்கிக் குடித்துவிட்டுப் போகும் காங்கயத்துப் பையனும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடுகிறான்.

இத்தனைக்கும் பல மொழி கொங்குக்குப் புதிதில்லை. தாளவாடியில் வீட்டுக்கு வீடு கன்னடம் கேட்கும். இப்போது கர்நாடகத்தில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. கோவையில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் எந்தக் கடைக்காரரும் தெலுங்கில் ஆரம்பிப்பதில்லை. முகத்தில் அது எழுதியில்லை, அவ்வளவுதான்.

முகம் தெரியாவிட்டால் ஊகம் குரலை வைத்து நடக்கிறது. அமெரிக்காவில் ஜான் பா என்ற மொழியியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட சோதனையில், ஆங்கிலத்தின் மூன்று பேச்சு வழக்குகளில் சொல்லப்பட்ட 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே எந்த வழக்கு என்று கேட்டவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்த தையல் மிஷின் மெக்கானிக் ஒருவர் ஒடிசாவின் பாலசோர்க்காரர், திருப்பூருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. இந்தி பேசுகிறவர்களைத் திணறடிக்கும் 'ள' அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஒடியாவிலும் அந்த ஒலி உண்டு. 'ழ' வராது, ஆனால் 'வாளப்பளம்' என்று சொல்கிற தமிழர்களுக்கா இங்கே பஞ்சம்? மிச்சத்துக்கு 'ங்க' இருக்கிறது. "ஓவர்லாக்குல நூல் அறுக்குதுங்களா? அரை மணி நேரத்துல வந்தர்றனுங்க" என்று போனில் அவர் சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவர், "நீங்க கோபி பக்கமுங்களா?" என்று கேட்பாராம்.

அரை மணி நேரம் கழித்து அதே ஆள் கம்பெனி வாசலில் இவரைப் பார்த்ததும், "ஆவோ பாய், மிஷின் உதர் ஹை" என்பாராம்.