ஊசி எங்கே ஒட்டியிருக்கிறது?

ஊசியிலை மரம் எதைப் பார்த்தாலும் ‘பைன் மரம்’ என்று சொல்லிவிடுகிறோம். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சைக் கோபுரமாகத்தான் தெரியும். கிட்டே போய் ஒரு சின்னக் கிளையைக் கையில் பிடித்து, ஊசி கிளையோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ஊசிகள் கொத்தாக, அடியில் ஒரு மெல்லிய உறைக்குள்ளிருந்து முளைத்திருந்தால் அது பைன். கொத்துக்கு எத்தனை ஊசி என்று எண்ணினால் எந்தப் பைன் என்பதையும் நெருங்கிவிடலாம். ஸ்காட்ஸ் பைனுக்கு 2, இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைனுக்கு 3, அங்கேயே இன்னும் உயரத்தில் வளரும் நீலப் பைனுக்கு 5. இந்த ஐந்து ஊசிப் பைன்களில் உறை சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஆனாலும் கொத்து கலையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு கொத்தின் ஊசிகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அவை ஒரு முழு உருளையாகிவிடும். இரண்டு ஊசி என்றால் ஒவ்வொன்றும் அரைவட்டம், ஐந்து என்றால் ஒவ்வொன்றும் ஆப்பு வடிவம். ஓர் உருளையைப் பங்கு பிரித்துக்கொண்டது போல! ஒற்றை ஊசிப் பைன் என்று ஓர் இனம் இருக்கிறது. பங்காளி இல்லாததால் அதன் ஊசி முழு உருளை.

ஊசிகள் ஒவ்வொன்றாகத் தனித்தனியே இருந்தால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் அல்லது ஃபிர். குழப்பம் அதிகம் வருவது இந்த இரண்டில்தான். ஓர் ஊசியை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் ஊசிக்கு நான்கு பக்கம், எளிதாக உருளும். ஃபிர் ஊசி தட்டை, உருளாது. ஆனால் சிட்கா ஸ்ப்ரூஸ் போன்ற சிலவற்றின் ஊசியும் தட்டையாகவே இருக்கும். அதனால் நான் அதிகம் நம்புவது கிளையைத்தான். ஸ்ப்ரூஸ் ஊசி ஒவ்வொன்றும் ஒரு குட்டி முளையின் மேல் உட்கார்ந்திருக்கும். ஊசி உதிர்ந்த பிறகும் முளை போகாது. கிளையைத் தடவினால் அரம் போலச் சொரசொரக்கும். ஃபிர் ஊசி உதிர்ந்த இடத்தில் வட்டத் தழும்பு மட்டும்தான், கிளை வழவழப்பாக இருக்கும்.

கிளை எட்டாத உயரத்தில் இருக்கிறதா? சரி, தரையைப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் கூம்புகள், அதாவது விதைகளைத் தாங்கும் செதிலடுக்குக் காய்கள், தலைகீழாகத் தொங்கி, முழுசாக விழும். ஃபிர் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து நின்று, மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். டக்ளஸ் ஃபிர் பெயரில் மட்டும்தான் ஃபிர். அதன் கூம்பு தொங்கும்; செதில்களுக்கு இடையே மூன்று முனையுள்ள சிறு நாக்குகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

குட்டையான முண்டுகளிலிருந்து ஊசிகள் பூ மாதிரி விரிந்திருந்தால் லார்ச் அல்லது தேவதாரு. லார்ச்சின் ஊசிகள் மெத்தென்றிருக்கும், இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி முழுவதும் கொட்டிவிடும். குளிர்காலத்தில் மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பட்டுப்போய்விட்டது என்று வெட்டிவிடாதீர்கள். தேவதாருவின் ஊசிகள் விறைப்பானவை, ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும்.

ஊசியே இல்லாமல் செதில்கள் கிளையோடு ஒட்டிப் படிந்திருந்தால் சைப்ரஸ் குடும்பம். அதில் ஜூனிப்பரின் நீலநிறப் ‘பழம்’ உண்மையில் செதில்கள் சதைப்பற்றோடு ஒன்றாகிப்போன கூம்பு.

கடைசியாக யூ மரம். தட்டை ஊசிகள், கூம்புக்குப் பதிலாகச் சிவப்புக் கிண்ணம் போன்ற சதைக்குள் ஒரே விதை. அந்த விதையும் இலையும் கடும் நஞ்சு. கையில் எடுத்துப் பார்க்கலாம். வாயில் மட்டும் வைக்கவே கூடாது.