பேக்லிங்க்னா பின்னிணைப்பா? எங்க ஊர் பேரேட்டுல வேற சொல் இருக்கு

போன வாரம் காரைக்குடியில பலகாரக் கடை நடத்துற ஒரு ஆச்சி போன் போட்டாக. "தம்பி, யாரோ ஒரு பையன் நம்ம வெப்சைட்டுக்கு 5000 பேக்லிங்க் போட்டுத் தாரேங்கிறான், அதென்ன பேக்லிங்க்கு, பலகாரத்த பேக் பண்றதுக்கு ஏதும் மெஷினா?" சிரிப்பு வந்துருச்சு, ஆனா அவுக மேல தப்பில்ல, தமிழ்ல எழுதுனா முதுகும் பொட்டலமும் ஒரே பேக்குதான், அதுலயும் சீப்புச் சீடையும் மணகோலமும் பாக்கெட் போட்டு சிங்கப்பூர் வரைக்கும் அனுப்புறவுகளுக்கு வேற என்ன தோணும். நான் அவசரத்துல "பின்னிணைப்பு ஆச்சி"ன்னுட்டேன். ஆச்சி ரிட்டையர்டு தமிழ் டீச்சர், விடுவாகளா. "பின்னிணைப்புங்கிறது புத்தகத்துக்குக் கடைசியில அட்டவணை, படம்னு சேப்பாகளே அதுல்ல? நம்ம வெப்சைட்டுக்குக் கடைசியில என்னத்தப்பா சேக்கப் போறே?"

பதில் இல்ல என்கிட்ட. அப்புறமா உக்காந்து யோசிச்சதுதான் இது.

முதல்ல அர்த்தம். வேற ஒருத்தர் வெப்சைட்ல இருந்து உங்க பக்கத்துக்கு ஒரு லிங்க் வந்துச்சுன்னா அது உங்களுக்கு பேக்லிங்க். அதே லிங்க் அவருக்கு வெளிய போற லிங்க். பொருள் ஒண்ணுதான், யார் வீட்டுத் திண்ணையில உக்காந்து பாக்குறோம்ங்கிறதப் பொறுத்து பேரு மாறுது. இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

லிங்க்ங்கிற சொல்லு இங்கிலீஷுக்கு ஸ்காண்டிநேவிய மொழியில இருந்து வந்தது, சங்கிலியில இருக்கிற ஒரு வளையத்துக்குப் பேரு அது. அந்த வளையத்துக்கு நம்மகிட்ட நேரான சொல்லே இருக்கு, கண்ணி. நகைக்கடையில போய் "சங்கிலியில ஒரு கண்ணி விட்டுப்போச்சு"ன்னு இன்னைக்கும் சொல்றோம்ல, அதான். ஆனா குருவி புடிக்கிறதுக்கு வைக்கிறதும் கண்ணிதான், "உங்க சைட்டுக்கு 10 கண்ணி வச்சிருக்கேன்"னு கஸ்டமர்கிட்ட சொன்னா காசு வராது.

சரி, லிங்க்குக்கு முன்னாடி இந்த பேக் எதுக்கு? வெப்புல லிங்க்ங்கிறது ஒருவழிப் பாதை. ஹைப்பர்டெக்ஸ்ட்ங்கிற சொல்ல 1965ல கொண்டுவந்த டெட் நெல்சன், ஸனடுன்னு ஒரு திட்டம் வச்சிருந்தாரு, அதுல லிங்க் ரெண்டு முனையிலயும் தெரியணும், அதாவது உங்கள யார் சுட்டுனாலும் உங்களுக்கும் தெரியணும்ங்கிறது அவரு ஆசை. டிம் பெர்னர்ஸ் லீ கொண்டுவந்த வெப்புல அதெல்லாம் கிடையாது, நான் பாட்டுக்கு உங்கள சுட்டிட்டுப் போலாம், உங்களுக்கு ஒரு தகவலும் வராது. அப்ப ஒரு பக்கத்த யார் யாரு சுட்டுறாகன்னு தெரியணும்னா ஊர்ல உள்ள எல்லாப் பக்கத்தையும் படிச்சு, குறிச்சு வச்சு, திருப்பிப் பாக்கணும். அந்தத் திருப்பிப் பாக்குறதுதான் பேக். 1996ல ஸ்டான்ஃபோர்டுல லாரி பேஜும் செர்ஜி பிரினும் இந்த வேலையில இறங்குனப்ப அதுக்கு வச்ச பேரே பேக்ரப், முதுகு தேச்சு விடுறதுன்னு விளையாட்டா. 1998ல கம்பெனியா ஆகும்போது அதுதான் கூகுள்.

கூகுள்ல தேடுனா எந்தப் பக்கம் முன்னாடி வரணும்னு பாக்க அவுக போட்ட கணக்குக்கு பேஜ்ரேங்க்னு பேரு, ரொம்ப எளிமையான கணக்கு. உங்கள எத்தன பேரு சுட்டுறாகங்கிறது மட்டுமில்ல, சுட்டுறவருக்கு என்ன மதிப்பு, அவரு இன்னும் எத்தன பேர சுட்டுறாருங்கிறதும் சேரும். ஒரு பக்கம் 4 பேர சுட்டுச்சுன்னா அதோட மதிப்புல கால் கால் பங்கா பிரியும், அதையும் 0.85ஆல பெருக்கி கொஞ்சம் குறைச்சுத்தான் கொடுப்பாக. எங்க ஊர்ல இத விளக்கவே வேணாம். கடன் வாங்குறப்ப யாரு ஜாமீன் போட்டதுன்னு பாப்பாகல்ல, ஊர்ல வர்றவன் போறவனுக்கெல்லாம் கையெழுத்துப் போடுற ஆளோட ஜாமீன எவன் மதிப்பான்? இன்னைக்கு கூகுள் இன்னும் எத்தனையோ விஷயத்தப் பாக்குது, ஆனா லிங்க்க விட்டுடல.

இப்ப தமிழுக்கு வருவோம். இணைப்புன்னு எழுதுறாக, பரவால்ல, ஆனா கரண்டு கனெக்ஷன், கேஸ் கனெக்ஷன் எல்லாமே இணைப்புதான். பின்னிணைப்ப ஆச்சி ஏற்கெனவே தீத்துக்கட்டிட்டாக. தொடுப்புன்னு கொஞ்ச பேரு எழுதுறாக, நல்ல சொல்லுதான், பூத்தொடுக்கிற தொடுப்பு, ஆனா கிராமத்துல போய் "அவருக்கு வெளியில நாலு தொடுப்பு இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, வீட்டுல சண்டை வந்துரும். எனக்குப் புடிச்சது தமிழ் வலைப்பதிவுக்காரங்க அந்தக் காலத்துல இருந்து எழுதுற சுட்டி. மவுசுக்கும் அதத்தான் சொல்றாக, வால் பையனுக்கும் அதத்தான் சொல்றாகன்னாலும், ஒரு லிங்க் செய்யுற வேலை சுட்டுறதுதானே, இந்தா இங்க போய்ப் பாருன்னு விரல் நீட்டுறது.

அப்ப பேக்? இங்கதான் பேரேடு. பர்மா, மலேயா, இலங்கைன்னு கடை வச்சிருந்த எங்க பக்கத்து வீடுகள்ல பழைய கணக்கு ஏடு இன்னும் பரண்ல கிடக்கு. அதுல என்ன கணக்குன்னா ஒருத்தர் ஏட்டுல பற்று எழுதுனது இன்னொருத்தர் ஏட்டுல வரவா நிக்கும், பணம் ஒண்ணுதான், ஏடுதான் வேற. பேக்லிங்க் அச்சு அசல் இதேதான. அதனால என்னோட ஓட்டு வரவுச்சுட்டி. உள்ள வர்றதுங்கிற அர்த்தமும் இருக்கு, அது ஒரு சம்பாத்தியம்ங்கிறதும் ஒட்டிக்கிட்டு வருது. வெளிய போறது செலவுச்சுட்டி, அதுல இன்னொரு அழகு, செலவுன்னா பழைய தமிழ்ல காசு போறது இல்ல, செல்றது, பயணம். சங்கப் பாட்டுல தலைவன் கிளம்பாம நின்னுட்டான்னா செலவழுங்குதல்னு எழுதுவாக. டொமைன் நேமுக்கு, அதாவது வெப்சைட்டோட பேருக்கு, விலாசம்னே வச்சுக்கலாம், எங்க ஊர்ல விலாசம்னா வீட்டு அட்ரஸ் மட்டுமில்ல, பேருக்கு முன்னாடி கடைக்குன்னு போடுற இனிஷியலும் விலாசம்தான், அந்த நாலெழுத்துக்குத்தான் ரங்கூன்ல கடன் கிடைச்சது.

சுட்டிவிடுறது நமக்குப் புதுசும் இல்ல. பத்துப்பாட்டுல அஞ்சு பாட்டு ஆற்றுப்படை, அதுல திருமுருகாற்றுப்படை போக மத்த நாலும், பரிசு வாங்கிட்டு வர்றவன் எதிர்ல வர்ற ஏழைக் கலைஞனப் பாத்து இன்ன வழியா போ, இன்னாரப் பாருன்னு அனுப்பி வைக்கிறது. தானே போய் வாங்கிட்டு வந்தவன் சொல்றதால அவன் பேச்சுக்கு எடை இருந்துச்சு. (பரிசு வாங்குனதால அது ஸ்பான்சர்டு லிங்க்கான்னு கேக்காதீங்க.)

நல்ல வரவு எது, கள்ள வரவு எதுன்னு பிரிக்கிறதுலதான் வெப்சைட்ட கூகுள்ல முன்னாடி கொண்டுவர்ற மொத்த தொழிலும் இருக்கு. ஆத்தங்குடி டைல் விக்கிற ஒருத்தர எடுத்துக்கங்க. "இங்கே தரமான டைல்ஸ் கிடைக்கும்"னு ஒரு பக்கம் போட்டா எவனும் சுட்ட மாட்டான். அதே ஆளு, சூளையில சுடாம கண்ணாடித் தகட்டு மேல கலர் சிமெண்ட்ட ஊத்தி, மேல மணலும் சிமெண்ட்டும் போட்டு, தண்ணியில ஊறப்போட்டு எடுக்கிற வேலைய படிப்படியா போட்டோவோட எழுதி, அந்தக் கண்ணாடியாலதான் டைலுக்கு மினுமினுப்பு வருதுன்னு விளக்கி வச்சாருன்னா ஆர்க்கிடெக்சர் காலேஜ் பசங்க சுட்டுவாக, வீடு கட்டுறவுக சுட்டுவாக, டூர் வந்துட்டுப் போய் எழுதுறவுக சுட்டுவாக. சுட்டுற வார்த்தையும் முக்கியம், ஆங்கர் டெக்ஸ்ட்ங்கிறாக, நான் சுட்டுச்சொல்னு எழுதுறேன், "இங்கே கிளிக் செய்யவும்"னு இருந்தா ஒண்ணும் புரியாது, "ஆத்தங்குடி டைல் செய்யும் முறை"ன்னு இருந்தா கூகுளுக்கும் விஷயம் புரியும். ஆனா 300 சைட்டும் அச்சு மாறாம ஒரே சுட்டுச்சொல்ல போட்டுச்சுன்னா அது செட்டப்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்படி செட்டப் பண்ணுனவுகளுக்கு 2012 ஏப்ரல்ல கூகுள்ல இருந்து பெங்குயின்னு ஒரு அப்டேட் வந்து விழுந்துச்சு பாருங்க, ஒரே நாள்ல பல பேரு முதல் பக்கத்துல இருந்து காணாமப் போனாக. அதே வருஷம் அக்டோபர்ல, இந்த லிங்க்க என் கணக்குல சேக்காதன்னு சொல்றதுக்கு டிஸவோ டூலும் குடுத்தாக, பேரேட்டுல தள்ளுபடி எழுதுற மாதிரி. 2005ல வந்த நோஃபாலோங்கிற குறி வேற, லிங்க்ல அதப் போட்டா நான் சுட்டுறேன் ஆனா ஜாமீன் இல்லன்னு அர்த்தம். காசு வாங்கிட்டு சுட்டுனா அந்த நோஃபாலோவயோ 2019ல வந்த ஸ்பான்சர்டுங்கிற குறியயோ போட்டே ஆகணும்ங்கிறது கூகுள் சட்டம். அப்புறம் இந்த நீ என்ன சுட்டு நான் உன்ன சுட்டுறேன் வியாபாரம், அது சுத்தமான மொய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து வச்சா நோட்டுல எழுதி வச்சு திருப்பிச் செய்வாக, அங்க அது பணத்துக்கு நல்ல ஏற்பாடுதான், ஆனா ரேங்க்குக்காக அளவுக்கு மீறி மாத்தி மாத்தி சுட்டுறத கூகுள் ஸ்பாம்னு ஒதுக்கிரும்.

லிங்க் பில்டிங்குக்கு, அதாவது வரவுச்சுட்டிய வர வைக்கிற வேலைக்கு மட்டும் எனக்கு நல்ல சொல்லு சிக்கல. கட்டுறதுன்னா செங்கல் வாங்கி அடுக்குற மாதிரி இருக்கு, அப்படி நெனச்சுத்தான் எல்லாரும் 5000, 10000ன்னு வாங்குறாக. சேக்குறது, ஈட்டுறதுன்னு ரெண்டு எழுதிப் பாத்தேன், வரவுச்சுட்டி ஈட்டல்னா கொஞ்சம் அரசாங்க சர்க்குலர் வாடை அடிக்குது. சேக்குறதே இருக்கட்டும்.

இதையெல்லாம் ஆச்சிகிட்ட சொன்னேன், வரவுச்சுட்டிக்கு "ம், இது தமிழு"ன்னு பாஸ் மார்க் போட்டாக. அந்தப் பையன்கிட்ட வரவு எந்தெந்த விலாசத்துல இருந்து வருதுன்னு மாதிரிக்கு ஒரு லிஸ்ட் வாங்குங்கன்னேன். அனுப்பியிருக்கான், எனக்கும் ஃபார்வர்டு பண்ணுனாக. ரெண்டு சூதாட்ட சைட்டு, ஒரு மாத்திரை விக்கிற சைட்டு, ஒண்ணு எந்த மொழின்னே தெரியல. ஆச்சி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாக: "ஏம்ப்பா, இவனுகல்லாம் நம்ம கடையில எப்ப முறுக்கு வாங்குனானுக?"