மலை ரயிலின் ஜன்னலோரம் மனம் ஏன் அடங்குகிறது?

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பிய ஊட்டி ரயிலில், எனக்கு எதிரே ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் முகவாயை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அப்பா செல்போனில் மூழ்கியிருந்தார். கல்லாறு பாக்குத் தோப்புகளை ரயில் கடந்தபோது அவள் கண்களைக் கவனித்தேன். கருவிழி மெல்ல ஒரு பக்கமாக நகரும், சட்டென்று துள்ளித் திரும்பும். மறுபடி மெல்ல நகரும், மறுபடி துள்ளும். ஒரு பாக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு கண் கொஞ்ச தூரம் கூடவே போகிறது. மரம் நழுவியதும் பாய்ந்து வந்து அடுத்த மரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கண் மருத்துவத்தில் இதற்கு 'ரயில்வே நிஸ்டாக்மஸ்' என்றே ஒரு பழைய பெயர் உண்டு. அந்தச் சிறுமி நினைத்துச் செய்வதில்லை இது. கடந்து போகும் காட்சி கண்ணுக்குள் கலங்கிப்போகாமல் இருக்க மூளை தானாகவே செய்யும் வேலை. கண் துள்ளித் திரும்பும் அந்த நொடித்துளியில் வரும் கலங்கலையும் மூளை அழுத்திவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

ஜன்னலோரம் உட்கார்ந்தால் மனம் லேசாகிவிடுகிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மூளை ஓய்வெடுப்பதால் வரும் நிம்மதி அது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நேரத்தில் மூளை சும்மா இருப்பதே இல்லை. தனக்குப் பிடித்த வேலையில் இறங்கியிருக்கிறது.

முதலில் தூரம். வீட்டிலும் அலுவலகத்திலும் நம் பார்வை பெரும்பாலும் ஒரு கை நீளத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணின் லென்ஸைக் குவிக்க ஒரு சிறு தசை இறுகிக்கொண்டே இருக்க வேண்டும். தூரத்து மலையைப் பார்க்கும்போது அந்தத் தசை தளர்ந்துவிடுகிறது. ஓடும் ரயிலில் பக்கத்துச் செடி விர்ரென்று ஓடும், நடுவில் உள்ள மரம் நிதானமாக நகரும், தூரத்து மலை கூடவே வரும். இந்த வேக வித்தியாசத்தை வைத்துத்தான் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது. கண்ணும் தானாகவே அதிகம் அசையாத தூரத்தில் போய்த் தங்கிக்கொள்கிறது.

அடுத்தது காது. உள்காதில் உடலின் அசைவை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. தலை திரும்புவதை அரைவட்டக் குழல்கள் சொல்கின்றன. முன்னே பின்னே, மேலே கீழே போவதைச் சொல்பவை, மெல்லிய கூழ்ப்படலத்தின் மேல் பதிந்திருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள். அதாவது கிட்டத்தட்ட சுண்ணாம்புக் கல்! உடல் அசையும்போது இந்தத் துகள்கள் பின்தங்கிச் சரிகின்றன. அடியிலுள்ள மயிரிழைகள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் போகும்போது போனைப் பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாகப் புரியும். வளைவில் வண்டி திரும்புகிறது என்கிறது காது. எதுவும் அசையவில்லை, எழுத்து அப்படியேதான் நிற்கிறது என்கிறது கண். இரண்டு சாட்சிகளும் முரண்பட்டதும் தலை சுற்றுகிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, யாரோ பிளாஸ்டிக் பை கேட்கிறார்கள். போனை வைத்துவிட்டு வெளியே தூரத்தில் பார்த்தால் பலருக்கு அது குறைகிறது, ஏனென்றால் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன. 'இங்கே இருக்கிறேன்' என்ற உணர்வு ஏதோ தியானம் சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறோம். அதன் அடித்தளம் இப்படிப்பட்ட ஓர் ஒத்துப்போதல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடல் எங்கே இருக்கிறதோ அங்கேயே கண்ணும் இருக்க வேண்டும்.

அசைவு மட்டுமே கூட நம்மை அடக்கும். தூளி கட்டி ஆட்டும் எந்தத் தாய்க்கும் இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆண்களைப் பகலில் 45 நிமிடம் தூங்கச் சொன்னார்கள். ஒருநாள் அசையாத கட்டிலில், ஒருநாள் நான்கு விநாடிக்கு ஒருமுறை ஆடும் கட்டிலில். ஆடும் கட்டிலில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், தூக்கமும் ஆழமாக இருந்தது. 2019-ல் எலிகளிடம் இதைச் சோதித்தபோது, உள்காதுத் துகள்கள் வேலை செய்யாத எலிகளுக்கு அந்த ஆட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. ரயில் பெட்டியின் குலுக்கல் அந்தக் கட்டிலைப் போல சீரானது அல்ல. ஆனால் அதுவும் தட்டுவது அதே கதவைத்தான்.

சரி, மனம்?

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். உடலின் சக்தியில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. கடினமான ஒரு கணக்கைப் போட்டாலும் அந்தச் செலவு மிகக் கொஞ்சமே கூடுகிறது. அப்படியானால் சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மார்கஸ் ரெய்க்லேயும் அவரது குழுவும் 2001-ல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். நாம் எதிலும் கவனம் செலுத்தாத நேரத்தில் மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாகின்றன. நேற்று அவர் அப்படிப் பேசியிருக்கலாமா, அடுத்த மாதத் தவணைக்கு என்ன செய்வது, என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்றெல்லாம் 'நான்' என்ற கதையை ஓட்டிக்கொண்டே இருப்பதில் இந்தப் பகுதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தக் கதை நமக்குச் சுகமாக இருக்கிறதா? ஹார்வர்டின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் செல்போன் வழியே கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? 2010-ல் வெளியான அந்த ஆய்வில், 46.9 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரத்தில் மக்கள் குறைவாகவே மகிழ்ச்சியாக இருந்தார்கள். இனிமையான நினைவுக்குப் போனவர்கள்கூட, கையில் இருக்கும் வேலையில் மனம் வைத்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருக்கவில்லை.

வீட்டில் மனம் அலைவதற்குக் காரணம், அங்கே எல்லாம் மூளைக்கு மனப்பாடம். மாடிப்படி எத்தனை, சுவிட்ச் எங்கே என்று பார்க்காமலே தெரியும். ஊகித்தது எல்லாம் சரியாக இருக்கும்போது வெளியே கவனிக்க என்ன இருக்கிறது? மலை ரயிலில் அது முடியாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைப்பாதைகள். அடுத்த வளைவுக்கு அப்பால் அருவியா, பாறையா, பள்ளமா என்பதை மூளையால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் வெளியே வந்து பார்த்தே ஆக வேண்டும். 'நான்' என்ற அந்தக் கதைக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆனால் புதுமை மட்டும் போதாது. அதே மலைப்பாதையில் கார் ஓட்டுபவரும் முழுக்க அந்தக் கணத்தில்தான் இருக்கிறார். கொண்டை ஊசி வளைவில் அவருக்குத் தவணை ஞாபகம் வராது. அவர் உள்ளங்கை வியர்த்திருக்கிறது, தோள் இறுகியிருக்கிறது. ரயில் பயணிக்கு அதே கவனம் இருக்கிறது, பொறுப்பு இல்லை. அவர் முடிவெடுக்க எதுவும் இல்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளத்தின் நடுவே இருக்கும் பல் வைத்த இரும்புப் பட்டையைப் பல்சக்கரத்தால் கவ்விக்கொண்டு, எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வேகம். மனிதன் ஓடக்கூடிய வேகம் இது. ஒவ்வொரு பெரணிச் செடியையும் பார்த்து முடிக்க நேரம் கிடைக்கிறது. புதுமை மூளைக்குத் திகட்டாத அளவில் வருவது இந்த மெதுவினால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படம் எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்களை மாணவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தபோது நினைவு மங்கவில்லை, படத்தில் வராத பகுதிகள்கூட நினைவில் இருந்தன. ஆக, குற்றம் கேமராவுடையது அல்ல. பார்க்கும் வேலையை அதன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஹில்குரோவ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றது. சத்தம் அடங்கியதும் அந்தச் சிறுமி கத்தினாள்: "அப்பா, மலை முன்னாடி நகருது பாருங்கப்பா!"

அவள் சொன்னது சரிதான். காட்சி ஒரே திசையில் வெகுநேரம் ஓடினால், அந்தத் திசையை உணரும் நரம்பணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. ஓட்டம் நின்றதும் எதிர்த்திசை அணுக்களின் கை ஓங்கி, நிற்கும் மலை மெல்ல ஊர்வதாகத் தெரிகிறது. 1834-ல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஓர் அருவியைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பாறைக்குப் பார்வையைத் திருப்பியபோது, பாறை மேலே ஏறுவதாகத் தெரிந்ததை எழுதி வைத்தார். சில விநாடிகளில் மறைந்துவிடும் தோற்றம் அது. அதுவரை ஓடும் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

அவள் அப்பா போனிலிருந்து தலையைத் தூக்கி வெளியே எட்டிப் பார்த்தார்.

"எங்க சாமி? அப்படியேதானே நிக்குது."